மஞ்சள் பையும் ஒரு மந்தியின் நினைவும்

நடை திறக்கக் காத்திருந்த ஒரு பிற்பகல். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், நூற்றுக்கால் மண்டபத்துப் பக்கம் நிழல் பார்த்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் மூன்று பைகள்: ஒரு வயர் கூடை, பேத்தியின் பள்ளிக்கூடப் பை, யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த மஞ்சள் பை. பாட்டி வயர் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெளியே எடுத்தார். மேலே ஒரு மந்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பழத்தைச் சட்டென்று மஞ்சள் பைக்குள் திணித்து, பையின் வாயைச் சுருட்டிவிட்டார்.

மந்தி இறங்கவில்லை. பை இருந்த பக்கம் முகத்தை வைத்தபடியே இருந்தது. காவலாளி கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு வந்தார். அது தூண்களுக்குப் பின்னால் ஓடி மறைந்தது. ஒரு ஐந்து நிமிடம் கழிந்திருக்கும். குடும்பம் வேறு பேச்சில் இருந்தபோது, மந்தி எதிர்ப்பக்கமாக வந்து, வயர் கூடையைத் தாண்டி, பள்ளிப் பையைத் தாண்டி, நேராக மஞ்சள் பையைப் பற்றி இழுத்தது.

"பாரேன், எவ்வளவு ஞாபகம் இதுக்கு!" என்றார் பாட்டி, பையை விடாமல்.

ஞாபகம்தானா? அப்படித்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் பாட்டியிடம் "பழம் எந்தப் பையில்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். மந்தியிடம் எப்படிக் கேட்பது? அது தந்த பதில் நினைவிலிருந்து வந்ததா, மூக்கிலிருந்து வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? நூறு ஆண்டுகளுக்கு மேலாக விலங்கியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழிகளைப் புரிந்துகொள்ள, கோயிலிலிருந்து தறிக்குப் போய்வர வேண்டும்.

தறியில் இரண்டு நினைவுகள்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறி. தறியில் கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே இத்தனை ஊடை இழை என்று கணக்கு. நெசவாளர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே போகிறார். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு... வாசலில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "இதோ வரேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எண்ணிக்கை அறுந்துவிடுகிறது.

இங்கே இரண்டு விதமான நினைவுகள் வேலை செய்கின்றன. கோர்வை போடும் விதம், கரையும் உடலும் கவ்வும் இடத்தில் நூலை எப்படித் திருப்புவது என்பவை இளவயதில் கற்றவை. எத்தனை பேர் கூப்பிட்டாலும் அவை போகாது. முப்பத்தெட்டு என்ற எண் அப்படியல்ல. இந்தப் புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் இடையில் மட்டுமே அதற்கு வாழ்வு. அடுத்த புட்டா வந்ததும் அதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் புதிய எண்ணிக்கையோடு கலந்து குழப்பும்.

அதே வரதராஜப் பெருமாள் கோயிலின் குளத்தடியில் இருக்கும் அத்தி வரதர் 1979-க்குப் பிறகு 2019-ல்தான் வெளியே எழுந்தருளினார். சிறுவயதில் பார்த்த முதல் தரிசனத்தை நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் விவரிக்கிறார் என்றால் அது நெடுநினைவு. தறியில் முப்பத்தெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. கையில் இருக்கும் வேலை முடியும்வரை தேவையானதை மனத்தில் ஏந்திக்கொண்டிருப்பது, முடிந்ததும் விட்டுவிடுவது. இதைச் செயல்நினைவு என்கிறோம். மனக்கணக்குப் போடுவதும், நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை மறக்காமல் முடிவுக்கு வருவதும், அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டே காய் நறுக்குவதும் இதன் துணையால்தான்.

இதே தறியில் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். நெசவாளர் எண்ணுவதை விட்டுவிட்டு, ஓர் ஈர்க்குச்சியை இடைவெளியின் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்கிறார். குச்சியை வைத்துப் பார்த்து அடுத்த புட்டாவைத் தொடங்குகிறார். வாசலில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் அவர் தவறமாட்டார். புடவையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. எண்ணி நெய்ததா, குச்சி வைத்து நெய்ததா என்று சொல்ல முடியாது. விலங்கின் நினைவை அளக்க வந்தவர்களுக்கு எல்லாம் இந்த ஈர்க்குச்சிதான் பெரிய சோதனையாக இருந்தது. விலங்கு சரியாகச் செய்துவிட்டது, சரி. எந்தக் குச்சியை வைத்துக்கொண்டு செய்தது?

காக்க வைத்துக் கேட்பது

1913-ல் அமெரிக்க உளவியலாளர் வால்டர் ஹன்டர் எளிய ஒரு சோதனையைச் செய்தார். விலங்கை ஒரு கூண்டில் அடைத்து, எதிரே மூன்று வழிகளை வைத்தார். ஒரு வழியில் மட்டும் விளக்கு எரியும்; அங்கே போனால் தீனி. விலங்கு இதைக் கற்றுக்கொண்ட பிறகு, விளக்கை எரியவிட்டு அணைத்துவிட்டார். சிறிது நேரம் காக்க வைத்து, பிறகே கூண்டைத் திறந்தார். இப்போது மூன்று வழிகளும் இருட்டு. எது எரிந்தது என்பது விலங்கின் மனத்தில் மட்டுமே இருக்க முடியும். இதைக் காத்திருப்புச் சோதனை எனலாம். இன்றுவரை செயல்நினைவுச் சோதனைகள் பலவற்றுக்கும் இதுவே எலும்புக்கூடு: காட்டு, மறை, காக்க வை, கேள்.

எலிகள் ஏறத்தாழ 10 விநாடி தாங்கின. முகத்தில் கறுப்புப் பட்டை கொண்ட ரக்கூன் என்ற வட அமெரிக்க விலங்கு 25 விநாடி தாங்கியது. நாய்கள் 5 நிமிடம்வரை. அப்படியானால் நாயின் நினைவு ரக்கூனின் நினைவைப் போலப் பன்னிரண்டு மடங்கா?

ஹன்டர் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் விலங்கு என்ன செய்கிறது என்றும் பார்த்தார். எலியும் நாயும் விளக்கு எரிந்த திசைக்கு உடலைத் திருப்பி வைத்துக்கொண்டே நின்றன. கதவு திறந்ததும் மூக்கு காட்டிய பக்கம் ஓடின. நிலை கலைந்துவிட்டால் தடுமாறின. உடம்பே அவற்றுக்கு ஈர்க்குச்சி. ரக்கூன் அங்குமிங்கும் திரும்பி உலவிய பிறகும் சரியான வழிக்குப் போனது. ஹன்டர் சோதித்த குழந்தைகளும் அப்படியே. ஆகவே நாயின் 5 நிமிடம் பெரிய எண்ணாக இருந்தாலும், ரக்கூனின் 25 விநாடியே மனத்துக்குள் ஏதோ ஒன்று ஏந்தப்பட்டிருந்தது என்பதற்கு வலுவான சான்று.

இந்தத் துறை கற்ற முதல் பாடம் இது. எவ்வளவு நேரம் என்று கேட்கும் முன், எதைக் கொண்டு என்று கேட்க வேண்டும்.

குரங்கு எதை நினைத்திருந்தது?

1928-ல் டிங்கிள்பா என்பவர் காத்திருப்புச் சோதனையில் ஒரு சின்ன ஏமாற்று வேலையைச் சேர்த்தார். குரங்கு பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிண்ணத்துக்கு அடியில் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு அது பார்க்காதபோது பழத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லெட்டூஸ் கீரையை வைத்தார். கீரையும் குரங்கு சாப்பிடக்கூடியதுதான். வேறு நேரத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

குரங்கு வந்தது, சரியான கிண்ணத்தைத் தூக்கியது, கீரையைப் பார்த்தது, தொடவில்லை. கிண்ணத்துக்குள்ளும் சுற்றிலும் தேடியது.

இந்தத் தேடல் விலைமதிப்பற்ற தகவல். "இந்தக் கிண்ணத்துக்குப் போ" என்ற கட்டளை மட்டும் அதன் மனத்தில் இருந்திருந்தால் கீரையோடு திருப்தி அடைந்திருக்கும். வாழைப்பழம் என்ற பொருளே நினைவில் இருந்ததால்தான் அது இல்லாததைக் கண்டுகொண்டது. வாய் பேசாத உயிரின் நினைவில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதோடு, என்ன தங்குகிறது என்பதையும் கேட்க முடியும் என்று இந்தச் சோதனை காட்டியது. எதிர்பார்த்ததை மாற்றி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்தால் போதும்.

எட்டுக் கோயில், ஒரு பேருந்து நிலையம்

ஒரு நாளில் காஞ்சியின் எட்டுக் கோயில்களைத் தரிசிக்க ஒருவர் வருகிறார். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், குமரக்கோட்டம், கச்சபேஸ்வரர், உலகளந்த பெருமாள், வைகுண்டப் பெருமாள், கைலாசநாதர், வரதராஜர். ஒவ்வொரு கோயிலுக்கும் போய்விட்டுப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பி, அங்கிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். கையில் பட்டியல் கிடையாது. போன கோயிலுக்கே மறுபடி போகாமல் எட்டையும் முடிக்க வேண்டும்.

1976-ல் டேவிட் ஓல்டன், ராபர்ட் சாமுவேல்சன் இருவரும் எலிக்கு இதே வேலையைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மேடை. அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல எட்டு நீண்ட பாதைகள். ஒவ்வொன்றின் முனையிலும் கொஞ்சம் தீனி. ஒருமுறை தின்ற முனையில் மறுபடி தீனி இருக்காது. இதை ஆரப் புதிர்ப்பாதை எனலாம். போன பாதைக்கே போகும் எலிக்கு வீண் அலைச்சல்.

முதல் எட்டுத் தேர்வுகளில் எலி எத்தனை புதிய பாதைகளுக்குப் போகிறது என்று எண்ணினார்கள். கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தாலே சராசரியாக 5-க்குச் சற்று மேல் கிடைத்துவிடும். எனவே 5 என்பது பூஜ்யத்துக்குச் சமம். அதற்கு மேலே போவதே எலியின் சொந்தச் சம்பாத்தியம். பழகிய எலிகள் எட்டில் சராசரியாக 7-க்கு மேல் எடுத்தன.

உடனே ஈர்க்குச்சியைத் தேடும் வேலை தொடங்கியது. எலிக்கு மூக்கு கூர்மை. தான் நடந்த பாதையில் தன் வாசனையே இருக்கும். அதை முகர்ந்து "இங்கே வந்துவிட்டேன்" என்று தெரிந்துகொள்ளலாம். அதனால் ஓல்டன் குழு முகச்சவரத்துக்குப் பின் பூசும் ஓல்டு ஸ்பைஸ் திரவத்தைப் பாதையெங்கும் தெளித்தது. அத்தனை நெடியிலும் எலிகள் தவறவில்லை. வலப்பக்கமாகவே வரிசையாகப் போனால் நினைவே வேண்டாமே என்று ஒரு சந்தேகம்; எலிகள் அப்படி ஒரே வரிசையைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. நடுவே பாதைகளையே இடம் மாற்றிப் பார்த்தார்கள். எலிகள் பாதையைப் பார்க்கவில்லை. அறையில் அந்தப் பாதை நீண்டிருந்த இடத்தைப் பார்த்தன.

ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்த பிறகு ஒரே கதவு திறந்திருந்தது: இன்று எங்கெல்லாம் போனேன் என்ற நினைவு. அந்த நினைவு எவ்வளவு உறுதியானது என்றும் பிறகு பார்த்தார்கள். நான்கு பாதைகள் முடிந்ததும் எலியை வெளியே எடுத்து, 4 மணி நேரம் கழித்து மீண்டும் விட்டாலும் மீதி நான்கையும் அது பெரும்பாலும் பிழையின்றி முடித்தது. ஹன்டரின் எலி தாங்கியது 10 விநாடி. இந்த எலி தாங்கியது 4 மணி நேரம். எலி மாறிவிடவில்லை. இடங்களைத் தேடித் தின்று வாழும் உயிரிடம் இடங்களைப் பற்றிக் கேட்டார்கள், அவ்வளவே வேறுபாடு.

ஊர் அறிந்ததும் இன்று செய்ததும்

பாதையில் எலி செய்யும் தவறுகளிலும் இரண்டு வகை உண்டு. எட்டுக் கோயில்களில் நான்கில் மட்டுமே பிரசாதம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நான்கு என்பது என்றும் மாறாது. பிரசாதமே தராத கோயிலுக்குப் போய் நின்றால் ஊர் வழக்கம் தெரியவில்லை என்று பொருள். தரும் கோயிலுக்கே இன்று இரண்டாம் முறை போனால் ஊர் தெரிகிறது, இன்று செய்தது மறந்துவிட்டது என்று பொருள். முதலாவது நிலைநினைவின் பிழை. இரண்டாவது செயல்நினைவின் பிழை.

எட்டில் நான்கு பாதைகளில் மட்டும் தீனி வைத்தால் போதும். ஒரே எலியின் ஒரே ஓட்டத்தில் இரண்டு பிழைகளையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் நரம்பு உடலியல் துறையில் டி.ஆர்.ராஜு, பி.எஸ்.சங்கரநாராயண ராவ் ஆகியோரின் குழு இப்படிப்பட்ட பாதையைத்தான் பயன்படுத்தியது. அவர்கள் கேட்ட கேள்வி நம் எல்லோருக்கும் உரியது: நீடித்த மன அழுத்தம் நினைவை என்ன செய்கிறது? நாளுக்கு 6 மணி நேரம், 21 நாட்கள் அசைய விடாமல் வைக்கப்பட்ட எலிகள் புதிர்ப்பாதையைக் கற்பதில் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தை மீட்க எந்தச் சூழல், எந்த மருந்து உதவும் என்ற தேடலுக்கு இந்தப் பிழைக் கணக்கே அளவுகோல் ஆயிற்று.

விலங்கின் செயல்நினைவை அளப்பது மனிதர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மறதிநோய்க்கான மருந்தோ மன அழுத்தத்துக்கான சிகிச்சையோ பலன் தருகிறதா என்று பார்க்க, முதலில் மறதியை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்காக அடைபட்டுக் கிடக்கும் உயிர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சோதனையைக் கவனமாக அமைத்து, அவற்றின் துன்பம் வீணாகாமல் பார்ப்பது அந்தக் கடனில் ஒரு பகுதி.

போனதா, போக வேண்டியதா?

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. காஞ்சியில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, எட்டைப் பன்னிரண்டாக்குவோம். இரண்டு கோயில்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறீர்கள். மனத்தில் எதை வைத்துக்கொள்வது எளிது? பார்த்த இரண்டையும். பத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால்? மீதமிருக்கும் இரண்டை. ஆறு பார்த்து ஆறு மீதமிருக்கும்போதுதான் சிரமம். எந்தப் பக்கம் எண்ணினாலும் ஆறு.

எலியும் இப்படிச் செய்கிறதா? 1985-ல் ராபர்ட் குக், மைக்கேல் பிரவுன், டொனால்ட் ரைலி மூவரும் பன்னிரண்டு பாதைகள் கொண்ட மேடையில் எலிகளை ஓடவிட்டார்கள். சில நாள் இரண்டு பாதைகள் முடிந்ததும் காக்க வைத்தார்கள்; சில நாள் நான்கு, ஆறு, எட்டு, பத்து முடிந்ததும். எலி போன இடங்களை மட்டும் சுமந்துகொண்டிருந்தால் போகப் போகச் சுமை கூடி, பத்தாவதில் பிழை உச்சத்தில் இருக்க வேண்டும். நடந்தது வேறு. பிழை ஆறுவரை ஏறி, அதன் பிறகு இறங்கியது.

ஆறில் ஏறி இறங்கிய அந்த ஒரு வளைவு சொல்வது பெரிது. தொடக்கத்தில் எலி போன இடங்களைப் பின்னோக்கி நினைக்கிறது. பாதி தாண்டியதும் போக வேண்டிய இடங்களை முன்னோக்கி நினைக்கத் தொடங்குகிறது. எது சுமை குறைவோ அந்தப் பக்கம் மாறிக்கொள்கிறது. எலியின் மனத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு தவறுகிறது என்று பொறுமையாக எண்ணியதிலேயே உள்ளே நடக்கும் கணக்கு வெளியே தெரிந்துவிட்டது.

திரை விழுந்த பிறகு

மூளையில் இந்தச் செயல்நினைவை ஏந்திக்கொண்டிருப்பது எது? 1930-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்லைல் ஜேக்கப்சன், மூளையின் நெற்றிப் பகுதி இருபுறமும் அகற்றப்பட்ட குரங்குகள் காத்திருப்புச் சோதனையில் தோற்பதைக் கண்டார். சில விநாடிக் காத்திருப்பே அவற்றுக்கு அதிகம். நெற்றிப் பகுதியே நினைவுக் கிடங்கு என்று முடிவு கட்டிவிடலாம்போல் இருந்தது.

1942-ல் ராபர்ட் மால்மோ அதே வகைக் குரங்குகளைக் காக்க வைக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துப் பார்த்தார். இருட்டில் அவை கணிசமாக நன்றாகச் செய்தன. கண்ணில் படும் ஒவ்வொன்றும் அவற்றின் கவனத்தைப் பறித்துக்கொண்டிருந்தது. பறிப்பதற்கு எதுவும் இல்லாதபோது நினைவு தங்கியது. தறியில் எண்ணிக்கை அறுந்ததுகூட முப்பத்தெட்டை வைக்க இடமில்லாமல் அல்லவே. வாசலிலிருந்து வந்த குரலால். ஏந்திக்கொண்டிருப்பதில் பாதி வேலை, இடையில் வருவதைத் தடுப்பது.

1971-ல் ஹோக்கின் ஃபஸ்டர், கேரட் அலெக்சாண்டர் இருவரும் குரங்கின் நெற்றிப் பகுதி நரம்பணுக்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். குரங்குக்குத் தீனி வைத்த இடத்தைக் காட்டித் திரையை இறக்கினார்கள். பார்ப்பதற்கு எதுவும் இல்லாத அந்த நேரம் முழுவதும் சில அணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. கோயில் கதவு சாத்திய பிறகும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும் விளக்கைப் போல.

சுரங்கத்தில் பறந்த தேனீ

இவ்வளவுக்கும் பெரிய மூளை வேண்டும் என்று நினைப்போம். புனேயில் பிறந்து, பெங்களூரில் படித்து, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு செய்த மாண்டயம் ஸ்ரீநிவாசன் தேனீயிடம் இதே கேள்வியைக் கேட்டார். தேனீயின் மூளையில் உள்ளவை ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பணுக்கள். அளவில் கடுகுக்கும் சிறியது.

அவரும் ஷாவு ஜாங் உள்ளிட்ட சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தேனீ ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் பறந்தது. வழியில் ஒரு கோலம். சுரங்கம் முடியும் இடத்தில் இரண்டு கோலங்கள். வழியில் பார்த்ததற்கு ஒத்த கோலத்தின் பக்கம் போனால் சர்க்கரைத் தண்ணீர். இது மாதிரிப் பொருத்தச் சோதனை. துணிக்கடையில் புடவையைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, அடுத்த மாடியில் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி தேடுவதைப் போன்றது. தேனீயைக் கையால் பிடித்துக் காக்க வைக்க முடியாது. ஆகவே கோலத்துக்கும் முடிவுக்கும் உள்ள தூரத்தை நீட்டினார்கள். தூரம் நீண்டால் பறக்கும் நேரம் நீளும்; காத்திருப்பும் நீளும்.

ஏறத்தாழ 5 விநாடிவரை தேனீ கோலத்தை ஏந்திக்கொண்டிருந்தது. பூவிலிருந்து பூவுக்குத் தாவும் உயிருக்கு 5 விநாடி என்பது சிறு பொழுதல்ல. சுரங்கத்தில் இரண்டு கோலங்களை வைத்தபோது, குறிப்பிட்ட ஒன்றை மட்டும் கணக்கில் கொண்டு மற்றதை விட்டுவிடவும் தேனீக்கள் கற்றுக்கொண்டன. தடுக்கவும் தெரிந்திருக்கிறது கடுகளவு மூளைக்கு.

பழக்கம் என்னும் எடைக்கல்

2007-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வில் அயுமு என்ற இளம் சிம்பன்சி உலகைத் திகைக்க வைத்தது. திரையில் ஐந்து எண்கள் சிதறலாகத் தோன்றி, 0.21 விநாடியில் வெள்ளைக் கட்டங்களாக மாறிவிடும். அயுமு எண் வரிசை தவறாமல் கட்டங்களைத் தொட்டது. கல்லூரி மாணவர்களால் அந்த வேகத்தில் முடியவில்லை. சிம்பன்சியின் நினைவு மனிதனை வென்றது என்று செய்திகள் வந்தன. பிறகு வேறு ஆய்வாளர்கள், மனிதர்களுக்கும் நிறையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அயுமுவை எட்டிவிட்டார்கள். இருவரையும் ஒப்பிடும் முன் பழக்கத்தைச் சமன் செய்ய வேண்டும். ஒரு தட்டில் மட்டும் எடைக்கல்லை வைத்துவிட்டுத் தராசைக் குறை சொல்ல முடியாது.

நம் கோயில் மந்தியின் சொந்தக்காரர்களும் ஆய்வகத்தில் இருக்கிறார்கள். தலையில் குல்லாய் வைத்ததுபோல் முடி கிளைத்திருப்பதால் குல்லாய்க் குரங்கு என்று பெயர். தென்னிந்தியாவுக்கே உரிய இனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி.அருணின் குழு, இந்தக் குரங்குகளைக் கட்டிவைக்காமல், கூட்டமாக உலவவிட்டு, விருப்பப்பட்டால் வந்து தொடுதிரையில் விளையாடும்படி ஓர் இடத்தை அமைத்தது. ஒரு படம் தோன்றி மறையும். கணப்பொழுது வெறும் திரை. அடுத்து இன்னொரு படம். இரண்டும் ஒன்றா வேறா என்று தொட்டுச் சொல்ல வேண்டும். சரியானால் பழச்சாறு. 2021-ல் வெளியான இந்த ஆய்வில், பயிற்சியே பெறாத ஒரு குரங்கு, பயிற்சி பெற்ற இரண்டோடு சேர்ந்து இருந்தே இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது. அஞ்சிய விலங்கு தருவது அச்சத்தின் அளவையே. தன் கூட்டத்தோடு, தன் விருப்பத்தில் வந்து உட்காரும் விலங்கின் பதிலில்தான் அதன் நினைவை நம்பிப் படிக்க முடியும்.

மண்டபத்துக்குத் திரும்பினால்

இனி அந்தப் பிற்பகலை மறுபடி பார்ப்போம். காவலாளி வரும்வரை மந்தி பையின் பக்கமே முகத்தை வைத்திருந்தது. அந்த வரைக்கும் அது ஹன்டரின் நாய். முகமே அதன் ஈர்க்குச்சி. காவலாளி விரட்டியபோது குச்சி ஒடிந்தது. தூண்களுக்குப் பின்னால் ஓடி, வேறு திசையிலிருந்து திரும்பி வந்தும் சரியான பையைப் பிடித்தது என்றால், அது ரக்கூனின் பக்கம் ஓர் அடி வைத்திருக்கிறது. தெரியாமலே காவலாளி ஒரு கதவை மூடிக்கொடுத்திருக்கிறார்.

மூக்கின் கதவு திறந்தே இருந்தது. துணிப்பைக்குள் கனிந்த பழம் மணக்கும். ஆனால் சற்று முன்வரை பழம் இருந்த வயர் கூடையும் மணந்திருக்கும். அதைத் தாண்டி வந்தது கவனிக்க வேண்டியது. பழக்கத்தின் கதவும் திறந்திருந்தது. கோயிலுக்கு வரும் மஞ்சள் பைகளில் பழம் இருக்கும் என்பது அதற்கு நெடுநாள் பாடமாக இருக்கலாம். அப்படியானால் நாம் பார்த்தது நிலைநினைவு. உறுதியாகச் சொல்ல, ஒரே மாதிரி மூன்று மஞ்சள் பைகள் வேண்டும், மூன்றிலும் பழ வாசனை வேண்டும், எந்தப் பை என்பது ஒவ்வொரு முறையும் மாற வேண்டும், அப்படிப் பல முறை பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே கிடைத்துவிடும் என்பதையும் கழிக்க வேண்டும்.

பாட்டியிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. மணி ஒலித்தது, நடை திறந்தது. அவர் எழுந்து பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே திரும்பிப் பார்த்தார். பழத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்காததே அந்த மந்திக்கு நல்லது. அவர் நடந்து கூட்டத்துக்குள் கலந்தார். மந்தியின் தலை அந்தப் பையோடு மெல்லத் திரும்பி, பை மறைந்த வாசலிலேயே நின்றது. கதவுக்கு அப்பால் இருக்கும் அந்தப் பழம் இன்னும் எத்தனை விநாடி அதன் மனத்தில் இருந்தது என்று அறிய எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.